மின்ட் கண்டிஷன் சார்!

பறவையைப் படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டா முதல்ல பேங்க் மேனேஜரைத்தான் பார்க்கணும் போலிருக்கு. புது 600 எம்எம் எஃப்/4 லென்ஸ் பத்து லட்சத்தைத் தாண்டுது. சின்ன லென்ஸோட போனா, பள்ளிக்கரணை பூநாரை நம்ம வசதிக்காகப் பக்கத்துல வந்து நிக்குமா? அது பாட்டுக்குத் தண்ணிக்கு நட்டநடுவுல நிக்கும். படத்துல ஒரு ரோஸ் கலர் புள்ளி விழும், அவ்வளவுதான். ஆக, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு செகண்ட்ஹேண்டே கதி.

அங்கே நடக்கற கூத்தைக் கேளுங்க. எல்லா லென்ஸும் ‘மின்ட் கண்டிஷன்’. எல்லாமே ‘ரொம்ப கம்மியா யூஸ் பண்ணது’. ஓனர் வெளிநாடு போறாராம், அதான் விக்கிறாராம். ஊர்ல டெலி லென்ஸ் வெச்சிருந்த அத்தனை பேரும் கனடாவுக்கா குடியேறிட்டாங்க? போட்டோவுல அட்டைப்பெட்டி இருக்கும், ஹூட் இருக்கும், காலாவதியான வாரன்ட்டி கார்டுகூட இருக்கும். கண்ணாடியை மட்டும் காட்ட மாட்டாங்க.

நேர்ல போய் போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடிச்சு, முன்பக்கமா எட்டிப் பார்த்தா வண்டவாளம் தெரியும். உள் எலிமென்ட் ஓரத்துல சிலந்தி வலை மாதிரி இழை இழையா ஃபங்கஸ். “தூசிதான் சார், படத்துல வராது.” ஏன் சார், தூசி கிளை விடுமா? ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடலோர ஊர்ல லென்ஸைப் பையோட பீரோவுல பூட்டி வெச்சா வளராம என்ன செய்யும்? நாள்பட விட்டா கோட்டிங்கையே அரிச்சிடும். அப்புறம் துடைச்சாலும் தடம் போகாது.

நான் வாங்கினது ஃபங்கஸ் இல்லாதது. டார்ச் அடிச்சு, அபெர்ச்சர் பிளேடு பார்த்து, ஃபோகஸ் போட்டுப் பார்த்துத்தான் காசை எண்ணிக் கொடுத்தேன். மழைக்காலம் முடியறதுக்குள்ள மோட்டார் கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சது. அப்புறம் கத்தறதையும் நிறுத்திடுச்சு. வித்தவருக்கு போன் போட்டேன். “என்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தது!” ஆமாம், குத்தம் என் கைராசிதான்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனா, கவுன்ட்டர்ல இருந்த தம்பி லென்ஸைத் தொடக்கூட இல்ல. மாடல் நம்பரைத் தட்டிப் பார்த்துட்டு, “டிஸ்கன்டினியூட் ஆயிடுச்சு சார், பார்ட்ஸ் வராது”ன்னார். கண்ணாடி அத்தனையும் சுத்தமா இருக்கே தம்பி, மோட்டார் மட்டும்தானே? “மிரர்லெஸ் போயிடுங்க சார். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு.” கால்ல முள்ளு குத்திச்சுன்னு போனவனுக்கு வந்த வைத்தியத்தைப் பாருங்க!

கடைசியா ஒரு பழைய கேமரா மெக்கானிக். லென்ஸைத் திருப்பி மவுன்ட்டைப் பார்த்தார். “இதை முன்னாடியே யாரோ பிரிச்சிருக்காங்க.” எப்படித் தெரியும்? ஜப்பான் லென்ஸ்ல இருக்கறது ஜேஐஎஸ் ஸ்க்ரூ. பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூதான். ஆனா நாம வீட்ல வெச்சிருக்கற பிலிப்ஸ் டிரைவரைப் போட்டுத் திருகினா தலை வழுக்கி மழுங்கிடும். நாலு ஸ்க்ரூவுல ரெண்டு மழுங்கிக் கிடந்தது. கம்மியா யூஸ் பண்ண லட்சணம்! “பார்ட்ஸ் கிடைச்சா இன்னிக்கே போட்டுத் தர்றேன். இல்லேன்னா இதே மாடல் செத்த லென்ஸ் ஒண்ணு கொண்டு வாங்க”ன்னார்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல நிக்கான் கம்பெனி வெளிக்கடைகளுக்கு பார்ட்ஸ் விக்கறதை 2012-லேயே நிறுத்திடுச்சு. தானே அங்கீகாரம் கொடுத்த தனியார் ரிப்பேர் கடைகளையும் 2020-ல கைவிட்டுடுச்சு. இங்கே 2022 டிசம்பர்ல மத்திய அரசு ‘ரைட் டு ரிப்பேர்’ போர்ட்டல் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனா போர்ட்டல்ல இருந்து மோட்டாரை டவுன்லோட் பண்ண முடியுமா?

1993-ல வந்த கேனன் 400 எம்எம் எஃப்/5.6 இன்னிக்கும் பருந்தை இறகு இறகா எடுத்துத் தருது. நல்லா வெச்சுக்கிட்டா கண்ணாடிக்கு வயசே ஆகாது. உள்ளே இருக்கற மோட்டாரும் ரிப்பன் கேபிளும்தான் முதல்ல சாகும். அதை மாத்த வழியில்லேன்னா மனுஷன் என்ன செய்வான்? மறைச்சு அடுத்தவன் தலையில கட்டுவான். அவன் அதுக்கு அடுத்தவன் தலையில கட்டுவான். விளம்பரத்துல பொய் எழுதறவன் என்னவோ ஓனர்தான். எழுத வைக்கறது யாரு?

எனக்கு அந்தப் பொய் வரல. “ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, மவுன்ட் ஸ்க்ரூ மழுங்கியிருக்கு, கண்ணாடி சுத்தம்”னு உள்ளதை உள்ளபடி எழுதி விளம்பரம் போட்டேன். ஒரே ஒருத்தர் கூப்பிட்டார்.

“இவ்வளவு குறையை நீங்களே சொல்றீங்கன்னா, பெருசா எதையோ மறைக்கறீங்க. அது என்ன சார்?”