மண்டபக் குளியலறைக்குப் பொத்தான் பலகை: கையெழுத்துப் போடுமுன் சில வார்த்தைகள்

பருப்பு வரத்து பற்றியும், செஸ் பற்றியும், எடைக்கல் முத்திரை பற்றியும் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். இம்முறை குளியலறையைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் நமது ஆசிரியர் சிரித்துவிட்டார். ஆனால் சென்ற செயற்குழுவில் அரை மணி நேரம் பேசியும் முடிவுக்கு வராத விஷயம் அதுதான். நமது சங்க மண்டபத்தின் மாடியில் உள்ள 8 தங்கும் அறைகளின் குளியலறைகளுக்கும் ஸ்மார்ட் கீபேட் என்கிற பொத்தான் பலகை வைப்பது என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. இளைய உறுப்பினர்கள் வேண்டும் என்கிறார்கள். என் வயதை ஒத்தவர்கள் வீண் செலவு என்கிறார்கள். நான் வேண்டும் என்கிற கட்சி. ஆனால் இப்போது வந்திருக்கும் விலைப்புள்ளியின்படி வேண்டாம் என்கிற கட்சியும் நான்தான். அன்று சாப்பாட்டு நேரமாகிவிட்டபடியால் முழுதும் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு வராத அன்பர்களுக்காக ஒரு விளக்கம். இந்தப் பலகை நான்கைந்து பொத்தான்கள் கொண்ட ஒரு சிறு தட்டு. குளியலறைக் கதவுக்கு வெளியே சுவரில் இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வேலையைச் சொல்லி வைக்கலாம். 'குளியல்' என்ற பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், கீசர் ஓடும், அரை மணி கழித்துக் கீசர் தானே நின்றுவிடும். வெளியே வந்து 'முடிந்தது' என்பதை அமுக்கினால் விளக்கு அணையும். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இன்னும் 10 நிமிடம் ஓடி ஈரத்தை இழுத்துவிட்டு நிற்கும். கையில் மொபைல் இருந்தால்தான் நடக்கும் என்பதில்லை. ஊரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த பெரியவரும் பொத்தானைத் தொட்டுக் காரியத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதனால் மண்டபத்துக்கு லாபம் உண்டா என்றால், உண்டு. கல்யாண வீட்டார் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் பெருக்க வருகிற அம்மாள் பார்த்தால் கீசரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். 25 லிட்டர் கீசரில் நம்மூர்த் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் போதும். 2000 வாட் கீசர் என்றால் அரை மணி நேரம். அதற்கு மேல் போட்டு வைப்பதில் குளிப்பவருக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது. ஆறுகிற சூட்டை ஈடு செய்ய அது நின்று நின்று ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் என்றைக்காவது ஒட்டிக்கொண்டால், கட்-அவுட்டையும் பாதுகாப்பு வால்வையும் நம்பித்தான் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அந்த வால்வு அடைத்துக்கொள்வதைப் பிளம்பரைக் கேட்டால் சொல்வார்.

முகூர்த்த நாளில் இன்னொரு தொல்லை. அதிகாலை 4 மணிக்கு எட்டு அறையிலும் ஒரே சமயத்தில் கீசரைப் போடுவார்கள். 16 கிலோவாட். அதே நேரத்தில் கீழே கிரைண்டர், தண்ணீர் மோட்டார், மேடை விளக்கு எல்லாம் ஓடும். பலகையைச் சரியாக அமைத்தால் முதலில் நாலு அறை, அரை மணி கழித்து அடுத்த நாலு அறை என்று முறை வைத்துக்கொள்ளலாம். யாரும் மாடிக்கும் கீழுக்கும் ஓட வேண்டியதில்லை.

பிறகு எனக்கு என்ன ஆட்சேபம்? என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

2021-ல் வீட்டைப் புதுப்பித்தபோது மகன் ஆசைப்பட்டு மூன்று குளியலறைகளுக்கும் இதைப் போட்டான். கண்ணாடி போல வழவழவென்று இருக்கும் தொடு பலகை. பொருத்த வந்த பையன் சுறுசுறுப்பானவன். கீசருக்கென்று இருந்த 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்சைக் கழற்றிக் கீழே வைத்தான். "அது இருக்கட்டுமே தம்பி" என்றேன். "அது எதுக்குங்கய்யா, இனிமே எல்லாம் பேனல்லயே வந்துரும். சுவரும் அழகா இருக்கும்" என்றான். நானும் சரி என்றேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

எட்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை மாடிக் குளியலறைப் பக்கம் ரப்பர் கருகும் வாடை. எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மெயினை இறக்கிவிட்டுப் பலகையைப் பெயர்த்தவர், "அண்ணாச்சி, இங்க பாருங்க. இது லைட்டு போடுற மாடலு. இதுல போயி கீசரக் கட்டி வச்சிருக்காங்க" என்றார். உள்ளே இருந்த மாட்யூலின் ஒரு மூலை கறுத்து இளகியிருந்தது. முதுகில் 6 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வருகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பையனும் போடவில்லை, நானும் போடவில்லை.

பணம்தான் போயிற்று என்று அதைத் தள்ளிவிடலாம். இரண்டாவது சங்கதியை அப்படித் தள்ள முடியவில்லை. அந்தப் பையன் எல்லாப் பொத்தானுக்கும் ஒரே மாதிரி 15 நிமிடம் என்று வைத்துவிட்டுப் போயிருந்தான். கீசருக்கும் 15, விளக்குக்கும் 15. என் தாயாருக்கு அப்போது வயது 86. ஓரிரவு உள்ளே இருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டது. பலகையோ கதவுக்கு வெளியே. உள்ளே தாழ் போட்டிருந்தார். இருட்டில் தாழைத் தடவித் தேடி, கால் நடுங்கி, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவிக்குக் குரல் கேட்டது தெய்வச் செயல். வெளியிலிருந்து விளக்கைப் போட்ட பிறகுதான் எழுந்து வந்து கதவைத் திறந்தார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் மூன்று மாதம் அந்தக் குளியலறைக்குள் தனியாகப் போக மறுத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் நான் இதை உட்கார்ந்து யோசித்தேன். மூன்று சாதனமும் ஒரே சுவரில் இருந்தாலும் குணம் வேறு. கீசர் மறந்தால் தானே அணைய வேண்டியது. விளக்கு, ஆள் உள்ளே இருக்கும்வரை தானே அணையவே கூடாதது. ஃபேன், ஆள் போனபிறகும் கொஞ்ச நேரம் ஓட வேண்டியது. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் அப்படியே. விளக்கு முன்பு எரிந்திருந்தால் மறுபடி எரிய வேண்டும். கீசர் அணைந்தே இருக்க வேண்டும். இதையெல்லாம் அமைத்துக்கொள்ள நல்ல மாட்யூல்களில் வழி இருக்கிறது. அமைத்துத் தரும்படி கேட்க வேண்டியது நாம்.

அடுத்தது பாரம் சுமக்கும் விஷயம். நமது மண்டியில் கல்லாவில் உட்கார்ந்து 'அந்த மூட்டையை ஏற்று' என்று சொல்பவர் ஒருவர், ஏற்றுபவர் ஒருவர். கணக்குப்பிள்ளையின் தலையில் மூட்டையை வைப்பதில்லை. பொத்தான் பலகையும் கணக்குப்பிள்ளைதான். அது உத்தரவு கொடுக்கட்டும். கீசரின் மின்சாரத்தைத் தாங்குவதற்குக் கான்டாக்டர் என்ற தடித்த சுவிட்ச் தனியாக உண்டு. அதை ஈரம் படாத இடத்தில், காரிடார் பெட்டிக்குள் வைக்கலாம். 24 வோல்ட் போன்ற குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் பலகைகளும் கிடைக்கின்றன. ஈரக் கையால் தொடும் இடத்தில் அதுதான் மேல். விலை கூடும் என்பது உண்மை. அப்படியும் பழைய 20 ஆம்பியர் கைச் சுவிட்சைக் கழற்றக் கூடாது. அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டிவிடும். கீசரைப் பழுது பார்க்க வருகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசு வந்தபோது நம்மில் பலர் படிக்கல்லைத் தூக்கி எறியாமல் மேசைக்கடியில் வைத்திருந்தோம். கரண்ட் போன நாளில் வியாபாரம் நிற்காமல் ஓடியது அதனால்தான்.

நியூட்ரல் என்றதும் நமது மண்டபத்தின் ஒயரிங் நினைவுக்கு வருகிறது. மாடி அறைகளில் குளியலறைச் சுவிட்ச் பெட்டிக்குப் பேஸ் கம்பி மட்டுமே வருகிறது என்று வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரியும். இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கவே நியூட்ரல் வேண்டும். கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு எர்த் கம்பியையே நியூட்ரலாக்கி வேலையை முடிக்கும் பேர்வழிகள் உண்டு. அப்படிச் செய்து எர்த் எங்காவது விட்டுப்போனால், கீசரின் வெளித்தகட்டிலும் குழாயிலும் ஷாக் அடிக்கும். ஆகவே புதுக் கம்பி இழுக்கும் செலவையும் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆர்.சி.சி.பி. வைக்க வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். எம்.சி.பி. இருக்கிறதே என்பது அவர் வாதம். எம்.சி.பி. கம்பியைக் காப்பாற்றும், பாரம் கூடினாலும் ஷார்ட் ஆனாலும் விழும். ஆளுக்கு ஷாக் அடிப்பது அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி. நமது பேரேடு மாதிரி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்போ எட்டியவுடனோ வெட்டிவிடும். குளியலறைக்கு அந்த 30 மில்லி ஆம்பியர் வகைதான் வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அமுக்கிப் பார்க்க ஒருவரை நியமிக்கவும் வேண்டும்.

பலகையை உள்ளேயே வைத்தால் வசதிதானே என்றும் ஒரு கேள்வி வந்தது. வேண்டாம். சர்வதேச மின்விதிகள் குளிக்கும் இடத்துக்கு மேலே 2.25 மீட்டர் உயரம் வரையும், அதன் ஓரத்திலிருந்து 60 சென்டிமீட்டர் வரையும் ஈரப் பகுதி என்று வகுத்திருக்கின்றன. நமது அறைகளின் அளவுக்கு அந்த எல்லையைத் தாண்டினால் கதவுதான் வரும். பெயரளவுக்கு 'வாட்டர் புரூஃப்' என்பார்கள், ஐ.பி. எண்ணைக் கேளுங்கள். அதில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு உரியது. 4 என்றால் எப்பக்கம் தெறித்தாலும் தாங்கும். வெளியே வைக்கும் பலகைக்கு அந்தக் கவலையே இல்லை. ஆனால் தொடு கண்ணாடி வேண்டாம். விரலுக்குத் தட்டுப்படுகிற, அமுக்கினால் அமுங்குகிற பொத்தான் வேண்டும். எழுத்தும் தமிழில், கண்ணாடி போடாமலே படிக்கும் அளவில் இருக்க வேண்டும்.

இன்டர்நெட்டை நம்பி இயங்குவதா, தன் காலில் நிற்பதா என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற நிறுவனம் இதே பொத்தான் பலகைகளை விற்று வந்தது. 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் தன் சர்வரை நிறுத்திவிட்டது. மொபைல் செயலியை நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சாதனத்துக்குச் சாதனம் நேரடியாக இணைத்து வைத்திருந்த பொத்தான்கள் மட்டும் வழக்கம்போல வேலை செய்தன. சில வாரங்களில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி மறுபடி ஓட வைத்தார்கள் என்பது வேறு கதை. நமது மண்டபத்தில் ரூட்டர் படுத்துவிட்டால் வெந்நீர் வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வரக்கூடாது.

கடைசியாக, நாம் வியாபாரிகள் என்கிற முறையில் ஒன்று. என் வீட்டு மாட்யூல் கருகியபோது விற்ற கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொன்னார். கம்பெனி, பொருத்தியவர் தவறு என்றது. பொருத்திய பையன் நம்பரை மாற்றிவிட்டான். பில்லைத் திருப்பிப் பார்த்தால் 'சாதனத்துக்கு மட்டும் உத்தரவாதம்' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. என்னிடம் துவரம் பருப்பு வாங்கிய மளிகைக் கடைக்காரர் மூட்டையில் வண்டு இருக்கிறது என்று வந்தால், மில்லில் போய்க் கேளுங்கள் என்று நான் சொல்வதில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு வேறு மூட்டை கொடுத்துவிட்டு, மில்லோடு சண்டையை நான் போட்டுக்கொள்கிறேன். எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர்கள் இதில் முன்வரலாம். பலகை, கான்டாக்டர், ஒயரிங், பொருத்துக்கூலி எல்லாம் ஒரே பில்லில், ஒருவரே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால், ஆன்லைனில் கிடைப்பதைவிட விலை சற்றுக் கூடினாலும் நான் அவர்களுக்கே வாக்களிப்பேன்.

வந்திருக்கும் மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அலுவலகக் குறிப்பு. அதில் 8 பலகை, 8 மாட்யூல், பொருத்துக்கூலி, அவ்வளவுதான். மாட்யூல் எத்தனை ஆம்பியர் என்று எழுதவில்லை. கான்டாக்டர் இல்லை, ஆர்.சி.சி.பி. இல்லை, கைச் சுவிட்சைப் பற்றிப் பேச்சே இல்லை. இவற்றைச் சேர்த்து மறுபடி விலைப்புள்ளி கேட்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டு அறைக்கும் ஒரேயடியாகப் போடாமல், முதலில் ஒரே ஓர் அறைக்குப் போட்டு ஒரு முகூர்த்த சீசன் ஓட்டிப் பார்ப்போம் என்பதும் என் கோரிக்கை. அடுத்த செயற்குழுவுக்கு என் வீட்டில் கழற்றிய அந்தக் கருகிய மாட்யூலைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறேன். எல்லோரும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஓட்டெடுப்பு நடத்தலாம்.