அம்பாப் பாட்டும் அரங்கிசையும்

இசையில் தோய்ந்த நண்பர் ஒருவர், "நீவிர் விரும்பிக் கேட்கும் பாடல்கள் யாவை?" என்று எம்மை வினவினார். தனுக்கோடிக் கரையில் வலையிழுப்போர் பாடிய அம்பாப் பாட்டை முதலிற் சொன்னோம். நண்பர் நகைத்துவிட்டார். அந்நகைப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

1964 திசம்பர்ப் புயலில் தனுக்கோடி நகர் அழிந்தது. ஆயினும் வலைஞர் அக்கரையை முற்றும் விட்டகலவில்லை. கரைவலையின் இரு கயிறுகளையும் இரு குழுவினர் பற்றி நிற்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடுவர். அவ்வேற்பு விழும் நொடியில் அத்தனை கைகளும் ஒருங்கே இழுக்கும். அங்கே தாளம் பிழைத்தால் வலை கரையேறாது. தலையசைத்து மழுப்புதற்கு அஃது இசையரங்கு அன்று! வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்ட மாந்தரின் பாட்டு அது. அதனைப் பொருளறியாது பாடுவார் ஒருவரும் இலர்.

அரண்மனைப் பக்கம் திரும்புவோம். சேதுபதி மன்னர்கள் இசைவாணர்க்கு வாரி வழங்கியவர்கள். அவர்தம் அவையில் விளங்கிய பூச்சி சீனிவாச ஐயங்காரின் (1860–1919) இசைப்புலமையை யாம் குறைத்துரையோம். ஆனால், அவர் யாத்தவற்றுள் பெரும்பாலன தெலுங்குப் பாடல்கள். முத்தும் சங்கும் நெல்லும் ஈட்டித் தந்த குடிகளுக்கு அவ்வவையின் பாட்டில் ஒரு சொல்லும் விளங்கியிராது. செம்பாலை அரிகாம்போதி ஆயிற்று. பழம்பஞ்சுரம் சங்கராபரணம் ஆயிற்று. பண்ணும் நமது, செவியும் நமது. பெயரும் மொழியும் மட்டும் பிறருடையவை. 1917இல் ஆபிரகாம் பண்டிதர் தம் 'கருணாமிர்த சாகர'த்தாலும், 1947இல் விபுலானந்த அடிகள் தம் 'யாழ் நூ'லாலும் உண்மையை நிறுவிக் காட்டினர். 1943இல் அண்ணாமலை அரசர் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டார். அதன் பின்னும், 'துக்கடா' என்று கடைசியில் வீசப்படும் துணுக்காகவே தமிழ்ப்பாட்டு பல மேடைகளில் நின்றது. இன்றும் அந்நோய் முற்றத் தீர்ந்ததாக யாம் கருதவில்லை.

எம் செவியைக் காத்தவர் வேறு சிலர். இராமேசுவரத்தைப் பாடிய சம்பந்தரையும் நாவுக்கரசரையும் ஓதுவார் வாயிலாகக் கேட்டோம். தொண்டியை அடுத்த குணங்குடியிற் பிறந்த குணங்குடியாரின் பாடல்களை இசுலாமியப் பெரியவர் ஒருவர் திண்ணையிலமர்ந்து பாடக் கேட்டோம். இராமநாதபுரத்தில் 1925இல் பிறந்து, நாகூரைத் தம் பெயரில் தாங்கி, 2015இல் மறைந்த இசைமுரசு அனிபாவின் குரலோ, ஒலிபெருக்கியே வேண்டாத குரல்! சமயம் எதுவாயினும் இவர்கள் பாடியது கேட்போர்க்கு விளங்கிற்று.

இலங்கை வானொலியையும் சொல்லாமல் விடலாகாது. தலைமன்னார் இக்கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. இடையிலுள்ள நீரிணைக்கு வெள்ளைக்கார ஆளுநன் ஒருவன் பெயரை இட்டு வழங்குகிறோம். அதுவும் ஓர் இழிவுதான். நம் நிலையங்கள் 'ஆகாசவாணி' என்று முழங்கிய நாளில், 'பொங்கும் பூம்புனல்' என்று தம் நிகழ்ச்சிக்குப் பெயரிட்டு அழைத்தவர் அக்கரைத் தமிழர். திரைப்பாடலைத்தான் ஒலிபரப்பினர் எனினும், அறிவிப்பாளரின் திருத்தமான ஒலிப்பைக் கேட்பதற்கென்றே வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தோம்.

இன்று விசைப்படகில் பொறி வலையை இழுக்கிறது. பொறிக்குப் பாட்டு வேண்டியதில்லை. மீனவர் உடல்நோவு குறைந்ததை யாம் வெறுக்கவில்லை. நாளெல்லாம் கயிறிழுத்த கைகளின் காய்ப்பைக் கண்டவர்கள் யாம். ஆயின், கரைவலை நின்றுபோகும் ஊரில் அம்பாவும் நின்றுபோகும். ஒலிப்பதிவுக் கருவி இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கிடக்கிறது. கடற்கரையூர்த் தோழர்கள் முதியோரிடம் சென்று, பாடலையும் காற்றுப்பெயரையும் மீன்பெயரையும் இவ்வாண்டே பதிந்து வைத்தல் வேண்டும்.

நகைத்த நண்பரைச் சென்ற திங்கள் அக்கரைக்கே அழைத்துச் சென்றோம். நெடுநேரம் வாய்திறவாது நின்று கேட்டார். பின்பு, பாடிய முதியவரை அணுகி, "ஐயா, இது என்ன இராகம்?" என்றார்.

"இழுக்கிற பாட்டு ஐயா. நீங்களும் ஒரு கை பிடியுங்கள்" என்றார் முதியவர்.