செய்மதி கேளாத முகவரி

குடும்பம் ஒன்று, வீடு ஒன்று, முகவரி ஒன்று என்பது உலகக் கணக்கு. தீவகத்தாராகிய நமக்கு அக்கணக்கு எப்பொழுதும் ஒத்துவருவதில்லை. நெடுந்தீவிலே தாய்மனை; பிள்ளைகளின் படிப்புக்காக யாழ்ப்பாண நகரிலே வாடகை வீடு. தவணை தொடங்கினால் அங்கே. விடுமுறை வந்தால் இங்கே. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருப்போரின் கைப்பொதிகளுள் அரிசியும் மருந்தும் புத்தகமும் இருக்கும். அவற்றுடன், துவாயிற் பக்குவமாகச் சுற்றப்பட்ட சிறு கறுப்புப் பெட்டியொன்றும் சிலவேளை இருக்கும். அது செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டி. டிஷ் அன்ரனா இரு வீட்டுக் கூரையிலும் உண்டு, சந்தா ஒன்றே. ஆதலாற் பெட்டி மட்டும் கடல் கடக்கின்றது.

“இவ்வாறு கொண்டு சென்றாற் படம் தெரியுமா? கொண்டு செல்வது முறையா?” என மாணவர் வினவுவதுண்டு. முன்னையது விஞ்ஞானம், பின்னையது நியாயம். விஞ்ஞானத்தை முதலிற் காண்போம்.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 35,786 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமி சுழலும் வேகத்துக்கு ஒப்பச் சுழல்வதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோலாகும். இவ்வாறான செய்மதிகளை அஞ்சலிடங்களாகக் கொண்டு உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 ஆம் ஆண்டிலே கட்டுரை வரைந்தவர் ஆதர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இற் கொழும்பிலே காலமாகும்வரை இந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்ட அதே அறிஞர்தாம். 1975 இல் இந்தியா தன் கிராமங்களுக்குச் செய்மதி வழியே கல்வி ஒளிபரப்பை நடத்தியபோது, அதனைப் பெறுதற்குரிய டிஷ் அன்ரனா ஒன்று கொழும்பில் அவர் வீட்டிலும் நிறுவப்பட்டது.

நம் தீர்க்கரேகைக்கு நேராக நிற்கும் செய்மதியொன்றை யாழ்ப்பாணத்திலிருந்து நோக்கின், அது அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 79 பாகையில், உச்சிக்கு அண்மையில் நிற்கும். இலண்டன் நகரத்தார் தமக்கு நேரான செய்மதியைக் காண 31 பாகையே நிமிர வேண்டும். அயல்வீட்டுக் கூரையும் மரமும் அவர்களுக்கு இடைஞ்சல். நமக்கோ ஐப்பசி கார்த்திகை மாதத்துப் பெருமழையே இடைஞ்சல். நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாண நகருக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அத்தூரத்திற் செய்மதியின் திசை அரைப்பாகைகூட மாறுவதில்லை. கொழும்புக்குப் போனாலோ ஏறக்குறைய 3 பாகை மாறிவிடும். கூரைமேல் உள்ள சிறு டிஷ் இரண்டொரு பாகை சரிந்தாலே படம் குலையும். ஆகவே, அசையாத கம்பத்திற் செவ்வையாகத் திருப்பிய டிஷ் இரு வீட்டிலும் இருப்பின் பெட்டி இரண்டிடத்தும் வேலை செய்யும். ஆடும் படகில் அதே டிஷ்ஷைக் கட்டிவைத்தாற் பயன் இராது. ஓடும் கப்பலிலும் வண்டியிலும் படம் காண்பதற்கு, ஆட்டத்துக்கு ஏற்பத் தானே திரும்பும் விலையுயர்ந்த அன்ரனா வேண்டும்.

இதனுள் ஒரு நுட்பம் உண்டு. நம் கூரையிலுள்ள டிஷ் கேட்குமேயன்றிப் பேசாது. பெட்டியின் இலக்கத்தைச் சொல்லி, “இதற்குப் பூட்டைத் திற” என்று செய்மதி வானிலிருந்து கூறுகிறது; அப்பெட்டி நெடுந்தீவில் உள்ளதா, நல்லூரில் உள்ளதா என்பதை அது அறியாது. முகவரியைக் கேட்பது செய்மதியன்று, சந்தாப் பத்திரமே.

இனி நியாயத்துக்கு வருவோம். வண்டியையே வீடாக்கி ஊரூராகச் சஞ்சரிக்கும் குடும்பங்கள் அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டின் முன்னைய சட்டப்படி, தொலைநகரத்து நிலையங்களின் ஒளிபரப்பைச் செய்மதி வழியே தருதல், உள்ளூர் நிலையம் எட்டாத வீடுகளுக்கே பொதுவாக உரியதாய் இருந்தது. நிலையான ஊரே இல்லாத வீட்டுக்கு உள்ளூர் நிலையம் எது? 1999 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வினாவை எதிர்கொண்டது. சஞ்சார வண்டியின் உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வண்டியின் பதிவுப் பத்திரப் பிரதியும் கொடுத்தால், அவ்வண்டியையும் நிலையம் எட்டாத வீடாகக் கொள்ளலாம் என விதித்தது. அலைபவரைக் கள்ளராக்காமல், அவர் வாழ்க்கைக்கு இசைய விதியை விரித்தமை பாராட்டத்தக்கது.

நம் நாட்டிலோ, இந்தியாவிற் பிறரொருவர் பெயரிலும் முகவரியிலும் பதிந்த பெட்டிகள் பல இல்லங்களில் இயங்குகின்றன. தமிழ் நிகழ்ச்சிகளிலுள்ள ஆசையே காரணம். அதனைக் குற்றங்கூற எனக்கு மனமில்லை. எனினும் அச்சேவைகள் இந்தியாவுக்குள் நடத்துதற்கே அனுமதி பெற்றவை. ஒருநாட் படம் நின்றுவிட்டால் முறையிட வாயிலில்லை. காசு கொடுத்தவர் ஒருவர். பத்திரத்தில் உள்ளவர் வேறொருவர். இந்நாட்டு நிறுவனத்திற் சொந்தப் பெயரிற் பெற்ற சந்தாவாயின் நிலை வேறு. இரு வீட்டு முகவரியையும் எழுத்தில் அறிவித்து, பெட்டியைக் கொண்டு செல்லலாமா என்று கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பலர் கேட்டால் விதியும் ஒருநாள் விரியும்.

செய்தி கேட்பதன் அருமை நமக்குப் புதிதன்று. 1990 இன் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்தபோது, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அவ்வானொலியும் உடன் வந்தது. அதற்கு மாதச் சந்தாவுமில்லை; இலக்கமுமில்லை. ஒருவர் மிதிக்க அயலார் அனைவரும் கேட்டனர்.

இன்று பெட்டி ஒருவீட்டார்க்கு உரியது. அது நகரத்துக்குப் புறப்படும்போது தீவில் எஞ்சியிருப்பவர் யார் என்று சிந்திக்கிறோமா? பெரும்பாலும் அப்பம்மாவோ அம்மம்மாவோதான். படகேற முடியாத முழங்கால். பத்திரிகை வாசிக்க முடியாத கண். நல்லூர்த் தேரை அவர் காண்பது அந்தக் கண்ணாடித் திரையில். புயல் எச்சரிக்கையைக் கேட்பதும் அதன் வாயிலாகவே. பிள்ளைகள் கையிலோ தொலைபேசி உண்டு, பாடசாலையுண்டு, நூலகமுண்டு, பேசத் தோழருண்டு. ஞாயிறு மாலை பெட்டியின் கம்பிகளைக் கழற்றும் இளைஞர், சுவரோரம் அமர்ந்து அதனைப் பார்த்திருக்கும் முதியவரின் முகத்தையும் ஒருகணம் நோக்குதல் வேண்டும். “கொண்டு போ, ராசா, எனக்கெதற்கு?” என்றே அவர் சொல்வார். அச்சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஆகவே என் யோசனை இது: இரு சந்தாவுக்கு வசதியில்லாத குடும்பத்திற் பெட்டி தீவு வீட்டிலேயே இருக்கட்டும். விடுமுறைக்குப் பிள்ளைகள் அதனைத் தேடி வரட்டும். படம் பார்க்கவாவது வந்தார்களே என்று அம்மம்மா மகிழ்வார். வந்தவர்கள் அவருக்கு அருகில் அமர்ந்து பார்ப்பார்கள்.