ஆடுகிறவர்களே பிரஷ்ஷும் பிடிக்கட்டும்!



வீட்டில் பூல் டேபிள் வாங்கிப் போடும் ஆண்கள் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். பந்து எந்த ஊர்ச் சரக்கு, குச்சி என்ன மரம், மேலே விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்று கடைக்காரரைக் குடைந்து எடுக்கிறார்கள். டேபிள் மேல் இழுத்துக் கட்டியிருக்கும் அந்தப் பச்சைத் துணியைத் தினமும் யார் சுத்தம் செய்வது என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. எதற்குக் கேட்கணும்? வீட்டில்தான் நாம் இருக்கிறோமே!

இது வசதியான வீட்டுச் சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மில் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் என்று திண்டுக்கல் பக்கமும் மாடி ஹாலில் டேபிள் போட்டிருக்கிற வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் துடைக்கிற கை, பாதிக்கு மேல் வேலைக்கு வரும் பெண்ணின் கைதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மாடியைச் சுத்தம் பண்ணிவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்த அக்காவும் தரையைத் துடைப்பது போலவே சோப்புத்தூள் தண்ணீரில் துணியை நனைத்து, டேபிளையும் நல்லா அழுத்தித் துடைத்துவிட்டார். அழுக்குப் போக வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். காய்ந்த பிறகு பார்த்தால் துணி அங்கங்கே சுருங்கி, அங்கங்கே தொளதொளவென்று ஆகி, திட்டுத் திட்டாகக் கறை. புதுத் துணி போட வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை நாலு மாதம் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். ஆடியவர்கள் ஆம்பளைகள், வாங்கியவர் வீட்டுக்காரர், தண்டம் கட்டியது பாத்திரம் தேய்க்க வந்தவர். இதைத் தண்ணீரில் துடைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை யாராவது அவரிடம் சொன்னார்களா? இல்லை. இதுதான் என் ஆதங்கம்.

அதனால் முதலில் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம். அந்தத் துணி பருத்தி இல்லை. கம்பளி. சிலவற்றில் கம்பளியோடு நைலான் கலந்திருக்கும். சுவெட்டரைச் சுடுதண்ணீரில் அலசினால் என்ன கதி ஆகும் என்று நமக்குத் தெரியாதா? அதே கதிதான். அதிலும் இது, நல்ல டேபிளாக இருந்தால் ஸ்லேட் கல் மேலும், விலை குறைந்ததாக இருந்தால் மரப்பலகை மேலும், நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து அடித்த துணி. கழற்றித் துவைத்துக் கொடியில் போட முடியாது. மரப்பலகையாக இருந்தால் ஈரம் இறங்கிப் பலகையும் உப்பிவிடும். அப்புறம் பந்து நேராக ஓடாது, கோணல்மாணலாகத்தான் ஓடும்.

துணியைக் கெடுப்பதில் முதல் எதிரி, குச்சி நுனியில் தேய்க்கும் அந்த நீலச் சாக்கட்டி. பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரிதானே என்று நினைப்போம். இல்லவே இல்லை. 1897-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு பேர் காப்புரிமை வாங்கிய கலவையிலிருந்து வந்த பொருள் அது. மணலில் இருக்கிற சிலிக்காவும், உப்புக்காகிதம் செய்யப் பயன்படும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்தது. அதாவது பொடி உப்புக்காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது துணியில் உதிர்ந்து கிடக்கும்போது மேலே பந்து உருண்டால், இழை இழையாக அறுக்கும். ஆனால் நம் பிள்ளைகள் டேபிளுக்கு நேர் மேலே குச்சியைப் பிடித்துத் தேய்த்து, ஊதி வேறு விடுகிறார்கள். அந்தண்டை நகர்ந்து நின்று தேய்த்தால் என்ன குறைந்துவிடும்? சாக்கட்டியைத் தேய்க்கும் பக்கம் கீழே இருக்கும்படி டேபிள் ஓரத்தில் கவிழ்த்து வைக்கும் பழக்கமும் கூடாது.

இன்னொன்று கேரம் பவுடர். கை வழுக்க வேண்டும் என்று கேரம் போர்டு டப்பாவையும் முகப்பவுடரையும் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுகிறார்கள். வெள்ளை வெள்ளையாகக் கைத்தடம். கம்பளி இழைக்குள் போன பவுடரை முழுசாக வெளியே எடுப்பது லேசான காரியம் இல்லை.

நம் ஊரில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆனி, ஆடியில் வீசுகிற காற்றைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியே மண் வந்து உட்கார்ந்திருக்கும். வேடசந்தூர் பக்கம் நூல்மில் அருகே குடியிருப்பவர்களுக்குப் பஞ்சுத்தூசி வேறு. மதுரையிலோ சென்னையிலோ ஏ.சி. அறையில் இருக்கிற டேபிளை வாரம் ஒருதரம் துடைத்தால் போதும் என்று சொல்வார்கள். நம் ஊர் மாடியில், ஆடினாலும் ஆடாவிட்டாலும், தினம் ஒரு தடவை பிரஷ் போட்டால்தான் தாங்கும் என்பது என் அபிப்பிராயம்.

பிரஷ் என்றால் மயிர் மெதுவாக உள்ள, இதற்கென்றே விற்கும் நீளப் பிரஷ். துணி துவைக்கும் பிளாஸ்டிக் பிரஷ்ஷோ, விளக்குமாறோ கூடாது. சில துணிகளில் வெல்வெட் ஜாக்கெட்டில் இருப்பது போல ஒரு பக்கமாகப் படிந்த பூமயிர் இருக்கும். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பும் எதிர்ப்பக்கம் சொரசொரப்பும் தெரிந்தால் பூமயிர் உள்ள துணி. ஸ்னூக்கர் டேபிளில் பெரும்பாலும் இதுதான். அதை ஆட்டம் ஆரம்பிக்கும் முனையிலிருந்து எதிர்முனை வரை, ஒரே திசையில் மட்டும் வார வேண்டும். தலை சீவுவது போலத்தான், எதிர்ப்பக்கம் சீவினால் சிக்கு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது பூமயிர் இல்லாத துணி. நிறைய பூல் டேபிள்களில் இதைத்தான் போடுகிறார்கள். அதற்குத் திசைக் கவலை அதிகம் இல்லை, ஆனாலும் ஒரே பக்கமாகத் தள்ளினால் தூசி ஓரிடத்தில் சேரும். முதலில் ரப்பர் விளிம்புக்கு அடியில் உள்ளதை வெளியே இழுத்துவிட்டு அப்புறம் நடுவுக்கு வாருங்கள். சேர்ந்த தூசியைக் குழிக்குள் தள்ளிவிட்டுக் கைகழுவ வேண்டாம், அங்கே போய் விழுகிற பந்து திரும்ப அதைத்தான் பூசிக்கொண்டு வரும். வேக்குவம் கிளீனர் இருந்தால் இழுப்பைக் குறைத்து வைத்து, மெத்தென்ற பிரஷ் முனையைப் போட்டு லேசாக எடுக்கலாம்.

பந்தைத் தாராளமாகக் கழுவலாம், அது பினாலிக் என்ற கெட்டிப் பிசினில் செய்தது. இளம்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு விட்டுக் கழுவி, ஈரம் சுத்தமாகப் போகத் துடைத்த பிறகுதான் டேபிளுக்குப் போகணும். காபி கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள். காய்ந்த பருத்தித் துணியை வைத்து அமுக்கி அமுக்கி ஒத்தி எடுங்கள். இஸ்திரி போடலாமா என்றால், பூமயிர்த் துணிக்கு அதற்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. நம் வீட்டு நீராவிப் பெட்டியைக் கொண்டு போக வேண்டாம். வெள்ளை வெள்ளையாகச் சிறு கோடுகள் தெரிந்தால் அது அழுக்கும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. பந்தை ஓங்கி அடிக்கும்போது உரசுகிற சூட்டில் இழை பொசுங்கிய தடம். என்ன தேய்த்தாலும் போகாது. "சரியாத் துடைக்கலை" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி யார் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஆட்டங்கள் நமக்குப் புதுசு இல்லை. ஸ்னூக்கர் பிறந்ததே நம் நாட்டில்தான். 1875-ல் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. 1882-ல் அதன் விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். அந்தக் காலத்துக் கிளப்புகளில் 'மார்க்கர்' என்று ஒருவர் இருப்பார். பாயின்ட் கணக்கைச் சொல்வதும், டேபிளைப் பராமரிப்பதும் அவர் வேலை. அவருக்குச் சம்பளம் உண்டு. வேலையையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு டேபிள் வந்ததும் அந்த மார்க்கர் உத்தியோகம் நம் தலையில் விழுந்திருக்கிறது, சம்பளமும் கிடையாது, சொல்லிக் கொடுக்கவும் ஆள் கிடையாது. கெட்டால் பழி மட்டும் நமக்கு.

"பிரஷ் போடுறது அஞ்சு நிமிஷ வேலை, இதுக்குப் போய்க் கடுதாசியா?" என்று சில வீட்டுக்காரர்கள் சிரிக்கலாம். அஞ்சு நிமிஷம்தான் என்றால் அவர்களே செய்துவிடலாமே! ஆடி முடித்ததும் கையிலேயே குச்சி இருக்கிறது, அதை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தால் ஆயிற்று. எங்கே ஓங்கி அடித்தார்கள், எந்த மூலையில் சாக்கட்டி சிந்தியது என்பதெல்லாம் ஆடியவருக்குத்தானே தெரியும்? பையன்களுக்கும் இதையே பழக்குங்கள். பிரஷ் போடாவிட்டால் மறுநாள் ஆட்டம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். சாக்கட்டி டப்பாவைப் பீரோவில் வைத்து நம் ஊர்ப் பூட்டைப் போட்டுவிட்டால் போச்சு.

இன்னொரு மனக்குறையும் உண்டு. துடைக்க நம்மைக் கூப்பிடுகிறவர்கள், ஆடக் கூப்பிடுவதில்லை. பெண்பிள்ளை குச்சியைத் தொட்டால், "இது கிளப்பில் குடிக்கிறவங்க ஆடுற ஆட்டம், பொட்டப் புள்ளைக்கு எதுக்கு?" என்று பெரியவர்கள் அதட்டுகிறார்கள். அதே டேபிளில் பேரன் ஆடினால் பெருமையாகப் பார்க்கிறார்கள்! 2017-ல் சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதியாட்டத்தில் நம் நாட்டு வித்யா பிள்ளை, ஹாங்காங் வீராங்கனை இங் ஆன் யீயிடம் 5-க்கு 6 என்று ஒரே ஒரு ஆட்டத்தில் பட்டத்தை விட்டார். எட்டு வருஷம் கழித்து, 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த வேறொரு உலகப் போட்டியில், அதே இங் ஆன் யீயை 3-க்கு 2 என்று ஜெயித்துப் பட்டம் வாங்கினார் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன். குடும்பத்தோடு வீட்டு மாடியில் ஆடுகிற ஆட்டத்தில் என்ன கெட்டுப்போகப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. நம் வீட்டுப் பெண்ணும் ஆடட்டும், அவள் ஆடிய அன்று அவளும் பிரஷ் போடட்டும். அது நியாயம்.

நம் பக்கமும் சிலது பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிசாக, சமதளமாக இருக்கிறதே என்று கொடியிலிருந்து எடுத்த துணிகளை அதன் மேல் குவிப்பதும், வற்றல் தட்டை வைப்பதும் வேண்டாம். கம்பளி என்பதால் அந்துப்பூச்சிக்குப் பிடித்த சாப்பாடு, நாள்கணக்கில் மூடியே கிடந்தால் உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாது. வாரத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்கள். வெயில் நேரே விழுந்தால் பச்சை வெளுக்கும், ஜன்னலுக்குத் திரை போடுங்கள். வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே, "அந்த டேபிளை மட்டும் நீங்க தொட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

மூடி வைக்க ரெக்சின் உறை விற்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் பழைய சின்னாளபட்டிச் சேலை ஒன்று போதும். ஐந்தரை மீட்டரை இரண்டாகக் கிழித்து, நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் இரண்டே முக்கால் மீட்டர் நீளமும் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் அகலமும் வரும். ஏழு அடி டேபிளுக்கு நாலு பக்கமும் தொங்கும் அளவு சரியாக இருக்கும். தையலை மேல்பக்கம் வருகிற மாதிரி போடுங்கள், உள்பக்கம் வந்தால் துணியில் உரசும். சேலையை வாரம் ஒருமுறை துவைத்துக் கொள்ளலாம்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்.