கூடிப் பயிலும் கலை

மக்கள் கற்கும் கலைகளுள் சில பிழைப்பிற்கு உரியன. சில உள்ளத்தின் உவகைக்கு உரியன. பகலெல்லாம் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்டு, மாலையில் ஓர் இசைக்கருவியை மடிமேல் வைத்துப் பயில்பவர் உலகெங்கும் உளர். அவர்கள் மேடையேறிப் பரிசு பெற விழைபவர் அல்லர். பொருள் ஈட்டக் கருதுபவரும் அல்லர். இசையின்பால் கொண்ட அன்பு ஒன்றே அவர்களை அக்கருவியோடு பிணிக்கின்றது. இத்தகையோரை ஆங்கிலேயர் ‘அமெச்சூர்’ என்பர். ‘அன்பு செய்பவன்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அச்சொல். தமிழில் அவர்களை ஆர்வலர் என்று அழைத்தல் எவ்வாற்றானும் பொருந்தும்.

இசை ஆர்வலர் பலருடைய உள்ளத்தைக் கவர்ந்த கருவி கித்தார் ஆகும். மின்விசையின் துணையை நாடாது, தந்தியின் அதிர்வை மரப்பலகை ஏற்று முழங்கும் எளிய கித்தாரே ஈண்டுக் கருதப்படுவது. ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் 1817ஆம் ஆண்டு பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் என்பவரே அதன் இக்கால வடிவைப் பெரிதும் வரையறுத்தவர். ஆறு தந்திகளும், வீணையிற்போல விரலால் அழுத்துதற்குரிய மெட்டுகளும் உடையது அது. சுமந்து செல்ல எளியது. தனியே வாசித்தற்கும் பாடுவோர்க்குத் துணையாக வாசித்தற்கும் ஏற்றது.

இக்கருவியை வாங்குவோர் பலர். விடாது பயின்று தேறுவோர் அவருட் சிலரே. இடையில் கைவிட்டவரை வினவினால், “எனக்கு இசைஞானம் இல்லை” என்பார் ஒருவர். “என் விரல்கள் இதற்கு ஏற்றவை அல்ல” என்பார் மற்றொருவர். ஆராய்ந்து நோக்கின், அவர்களுள் பலரிடம் குறைந்தது திறமை அன்று. வேண்டிய நேரத்தில் வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லவல்ல தோழமையே அவர்களுக்குக் கிட்டாது போயிற்று.

தொடக்கத்தில் கற்பவரை வருத்துவது விரல் நோவு. இடக்கை விரல்நுனிகள் எஃகுத் தந்தியில் அழுந்திச் சிவக்கும். இந்நோவு தமக்கு மட்டுமே உரியதென்று தனித்துப் பயில்பவர் எண்ணுவார். அவருக்குச் சில திங்கள் முன்னதாகப் பயிலத் தொடங்கிய ஒருவர் அருகிருப்பாராயின், “அஞ்சவேண்டா, ஒரே மூச்சில் நெடுநேரம் வாசியாமல், கால்மணி நேரமாக இடைவிட்டுப் பயிலுங்கள், சில வாரங்களில் விரல்நுனித் தோல் தடித்து நோவு அடங்கும்” என்பார். விரலை இரு மெட்டுகளுக்கு நடுவில் வைப்பதைவிட, ஒலிக்கவேண்டிய மெட்டினை ஒட்டி அதற்குச் சற்றே பின்னால் வைத்தால் குறைந்த விசையே போதும் என்பதைத் தம் விரலாலேயே காட்டுவார். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுமாறும் கூறுவார். இவை சிறிய செய்திகளே. ஆயினும், கலையைத் தொடர்வதும் கைவிடுவதும் பல வேளைகளில் இச்சிறிய செய்திகளையே பொறுத்துள்ளன.

சில வேளைகளில் குற்றம் விரலில் இல்லை, கருவியிலேயே உள்ளது. செப்பமாக அமையாத கித்தாரில் தந்திகள் மெட்டுகளுக்கு மேலே மிக உயர்ந்து நிற்கும். அத்தகைய கருவியில் வல்லுநரும் இடர்ப்படுவர். புதியவர் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. பன்னிரண்டாம் மெட்டிற்கும் அதன்மேல் நிற்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்தல் வேண்டும். எஃகுத் தந்தி பூட்டிய கித்தாரில் அது ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலும், நைலான் தந்தி பூட்டியதில் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரையிலும் இருப்பது இயல்பு. மிகுதியாக இருப்பின், தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலுள்ள சிறு பட்டையைக் கைதேர்ந்தவரைக் கொண்டு அடிப்புறத்தில் சிறிது தேய்த்துக் குறைக்கலாம். மில்லிமீட்டர் அளவினதாகிய இத்திருத்தத்தை அறியாமையால், தம்மை இசைக்குத் தகுதியற்றவர் என்று வாழ்நாள் முழுதும் எண்ணியிருப்போர் உளராயின், அஃது எத்துணை இரங்கத்தக்கது!

கருவியைப் பேணும் முறையும் பழகியவர் வாய்மொழியால் எளிதில் விளங்கும். நைலான் தந்திக்கென அமைந்த கித்தாரில் எஃகுத் தந்தி பூட்டலாகாது. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடைக்கு நிகரானது. எஃகுத் தந்திகளின் விசையோ 70 கிலோகிராம் அளவினது. அவ்விசையைத் தாங்காது மேற்பலகை வளையும். குதிரை பெயர்ந்துவிடுதலும் உண்டு. குளிர் நாடுகளில் மாரிக்காலத்து வீட்டை வெப்பமூட்டுவதால் காற்று வறண்டு, மரம் சுருங்கி வெடிக்கும். ஆதலின் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருக்குமாறு, கருவியைப் பெட்டியில் வைத்துக் காப்பர். வாசித்து முடித்ததும் தந்திகளிற் படிந்த வியர்வையைத் துணியால் துடைப்பின், அவை நெடுநாள் ஒலி மங்காதிருக்கும்.

சுருதி சேர்ப்பதற்கு இன்று சிறு மின்கருவிகள் உள்ளன. ஆயினும் செவியாற் சேர்க்கப் பழகுதல் செவிக்கே ஒரு பயிற்சியாகும். ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்த எழும் ஒலியே, ஐந்தாம் தந்தி அழுத்தாதபோது எழுப்பவேண்டிய ஒலி. ஏனைய தந்திகளும் இவ்வாறே. மூன்றாம் தந்தியைக் கொண்டு இரண்டாம் தந்தியைச் சேர்க்கும்போது மட்டும் நான்காம் மெட்டில் அழுத்துதல் வேண்டும். நூலில் இவ்விதியைப் படித்தும் மயங்குபவர், இருவர் எதிரெதிரே அமர்ந்து இரண்டு கித்தார்களை ஒருசேரச் சுருதி கூட்டும்போது ஒரு மாலைப் பொழுதிலேயே தெளிவடைவர். மேலும், தனித்து வாசிப்பவர் கடினமான இடம் வந்ததும் தாளத்தை நிறுத்தித் தயங்கி, பின்னர்த் தொடர்வார். தம் பிழையைத் தாமே உணரார். மற்றொருவருடன் வாசிக்கும்போதோ தாளம் அவருக்காக நில்லாது. அதனால் அவர் பிழையை உணர்ந்து, விரைவைக் குறைத்து, கைக்கு அடங்கிய கதியில் வாசிக்கக் கற்றுக்கொள்வார்.

இங்ஙனம் கூடிப் பயில்வோர்க்குச் சில நெறிகள் உள. அறிவுரை கூறுபவர் தாம் செய்து கண்டதையே கூறுதல் வேண்டும். ஒரே நேரத்தில் பத்துக் குறைகளை எடுத்துக்காட்டிப் புதியவரைத் திகைக்கச் செய்யாது, முதன்மையான ஒன்றைச் சொல்லி, அது திருந்தியபின் அடுத்ததைச் சொல்லுதல் வேண்டும். விலையுயர்ந்த கருவி வாங்கினாலன்றி இசை வாராது என்று அச்சுறுத்தல் தகாது. கேட்பவர்க்கும் கடமை உண்டு. “என் கித்தார் சரியாக ஒலிக்கவில்லை” என்று பொதுவாகக் கூறாமல், எத்தந்தியில், எம்மெட்டில் குறை உள்ளதென்று ஆராய்ந்து கேட்டல் வேண்டும். கேட்டதைச் சின்னாள் செய்து பார்த்து, விளைந்த பயனை வந்து உரைத்தல் வேண்டும். அறிவுரை தந்தவருக்கு அதனினும் சிறந்த கைம்மாறு இல்லை.

இத்தகைய கூட்டுறவு என்ன பயன் தரும் என்பதற்கு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒரு வரலாறே சான்றாகும். 1929ஆம் ஆண்டு அங்குக் கித்தார் அன்பர்களின் பில்ஹார்மானிக் சங்கம் தோன்றிற்று. அதனை நிறுவியவர் ருஷ்ய நாட்டவரான போரிஸ் பெரோட் என்பவர். பிற்காலத்தில் அச்சங்கத்தை நாடி வந்தவர்களுள் ஓவியத் தொழில் செய்து, கித்தாரும் வாசித்துவந்த ஹென்றி பிரீம் ஒருவர். அவர்தம் மைந்தன் ஜூலியன் 1933இல் பிறந்தவன். தன் பதினோராம் பிறந்தநாளில் தந்தையிடமிருந்து ஒரு சிறு கித்தாரைப் பெற்றவன். சங்கத்தின் தலைவராகிய பெரோட் அச்சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தந்தையார் சங்கத்தின் நூலகப் பொறுப்பை ஏற்றமையால், கிடைத்தற்கரிய இசைச்சுவடிகள் பலவும் சிறுவன் கைக்கு எட்டின. 1947ஆம் ஆண்டு, தன் பதின்மூன்றாம் வயதில், செல்ட்டனாம் நகரில் அவன் முதன்முறை மேடையேறினான். 2020இல் மறைந்த ஜூலியன் பிரீம், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கித்தார்க் கலைஞருள் ஒருவராகப் போற்றப்பெறுகின்றார். அந்த அரிய விதைக்கு நிலமும் நீரும் ஆனது அன்பர் குழு ஒன்றே.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் கித்தாரின் வரலாற்றில் உண்டு. ஜெர்மானிய நாட்டின் மார்க்நியுகிர்ஹென் என்னும் ஊரில், கித்தார் செய்யும் உரிமை தமக்கே உரியது என்றும், மரப்பொருள் செய்யும் தச்சர் அதனைச் செய்தல் கூடாது என்றும் வயலின் செய்வோர் சங்கத்தார் 1826இலும் 1832இலும் வழக்கிட்டனர். தச்சர்கள் தம் உரிமையை நிலைநாட்டினர். எனினும், அத்தச்சர் குடியிற் பிறந்த கிறிஸ்தியன் பிரெடரிக் மார்ட்டின் 1833இல் அவ்வூரை விட்டு அமெரிக்காவின் நியூயார்க் நகர் சென்றார். அவர் அங்குத் தொடங்கிய தொழில் பின்னர்ப் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் நிலைபெற்று, இன்றும் கித்தார்களை உலகிற்கு வழங்கி வருகின்றது. ஒரு சங்கம் கதவைத் திறந்து வைத்தது. மற்றொரு சங்கம் அடைக்க முயன்றது. இரண்டின் பயனையும் மாணவர் ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

“ஆர்வலர் ஒருவருக்கொருவர் கற்பித்தால் பிழையே பரவும், நல்லாசிரியரே வேண்டும்” என்று கூறுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அமரும் முறையும் கை வைக்கும் முறையும் தொடக்கத்திலேயே ஆசிரியரால் திருத்தப்படுதல் நன்று. தவறாகப் பழகிய கையைப் பின்னர்த் திருத்துதல் அரிது. ஆயினும் ஆசிரியர் வாரத்தில் ஒரு மணி நேரமே உடனிருப்பார். எஞ்சிய நாள்களில் தளர்ந்த உள்ளத்தைத் தாங்குபவர் தோழரே. தோழமை ஆசிரியருக்கு மாற்று அன்று, துணையே ஆகும்.

இனி, “ஸ்பெயின் நாட்டுச் செகோவியா தாமே கற்றுப் புகழெய்தினாரே, அவருக்குத் துணை யாது?” என்று வினவுவாரும் உளர். 1893இல் பிறந்து 1987 வரை வாழ்ந்த அப்பெருங்கலைஞர், தமக்குத் தாமே ஆசிரியராக விளங்கியது மெய்யே. எனினும், அக்காலத்து வழங்கிய குடல்நரம்புகள் எளிதில் அறுந்துபோவன. அக்குறையைத் தீர்க்க 1940களில் நைலான் தந்தி உருவாயிற்று. அதனை அவர்பொருட்டு ஆக்கி அளித்தவர், நியூயார்க் நகரில் கருவி செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின். தனித்துக் கற்ற மேதைக்கும் பிறர் கைத்துணை வேண்டியிருந்தது எனின், ஏனையோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

கித்தாருக்குச் சொன்னது ஏனைய கல்விக்கும் பொருந்தும். ஒரு கணக்கின் வழியை அறிந்த மாணவன் அதனை அறியாதவனுக்குச் சொல்லுவதால் தன் அறிவில் எள்ளளவும் இழப்பதில்லை. சொல்லும்போதே அவனுக்கு அது மேலும் தெளிவாகின்றது. அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொண்டு கேட்பவன் இழிந்தவன் அல்லன்; கேட்க நாணிக் கலையை இழப்பவனே இழப்புக்கு உரியவன். வகுப்பில் பின்தங்கிய ஒருவனைக் கண்டால், “இவனுக்கு அறிவு இல்லை” என்று முடிவு கட்டுமுன், அவனுக்கு எந்தச் சிறு செய்தி கிட்டவில்லை என்று ஆராய்ந்து, அதனை அன்போடு எடுத்துரைத்தல் உடன்பயில்வோரின் கடமையாகும்.