கணிகருவி தரும் கோணத்தை நம்பலாமா?

க.பொ.த. (சாதாரண தர) கணிதப் பரீட்சைக்குக் கணிகருவி கொண்டுசெல்ல அனுமதியில்லை. மண்டபத்தில் கிடைப்பது கணித அட்டவணை மாத்திரமே. அதனால் திரிகோண கணிதத்தில் கணிகருவி கொண்டு கோணம் காணும் பகுதி வந்ததும், “சேர், இது சோதனைக்கு வருமா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகின்ற மாணவர்களே அதிகம். இன்னொரு சாரார் வீட்டில் எல்லாக் கணக்கையும் கணிகருவியிலேயே செய்துவிட்டு, பரீட்சைக்கு முதல் வாரத்தில் அட்டவணையைத் தூசு தட்டுகின்றனர். இரண்டும் பிழை என்பதே எனது கருத்து. ஏன் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகின்றேன்.

அதைத் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. நமது கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2009இல் புளூமெண்டல் குப்பைமேடு மூடப்பட்ட பின்னர் கொழும்பின் குப்பை பெருமளவில் இங்கேதான் குவிந்தது. அடியில் இருந்த சதுப்பு நிலம், மழை ஆகியவற்றுடன், மேட்டின் உயரமும் செங்குத்தான சரிவும் அந்த அழிவுக்குக் காரணங்களாயின.

குப்பை நிரப்பும் இடங்களில் கிடையாக 3 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் சரிவைப் பொறியியலாளர் பொதுவாகக் கைக்கொள்வர். அது எத்தனை பாகைக் கோணம்? எதிர்ப்பக்கம் 1, அயற்பக்கம் 3. எனவே தான்சன் பெறுமானம் மூன்றிலொன்று. விகிதம் தெரியும், கோணம் தெரியாது. ஆகவே தான்சனின் நேர்மாறு வேண்டும். ‘ஷிப்ட்’ சாவியை அழுத்தி, பின்னர் ‘தான்’ சாவியை அழுத்தி, பெறுமானத்தைக் கொடுக்கவேண்டும்.

இந்தக் கணக்கை மூன்று மாணவர்கள் செய்தால் மூன்று விடைகள் வரலாம். ஒருவருக்கு 15. இன்னொருவருக்கு 20.48. மற்றவருக்கு 18.43. மூன்றும் சரிவுக்கோணம் போலவே தோன்றுவதுதான் ஆபத்து!

முதலாமவர் அடைப்புக்குறி போடவில்லை. பழைய வகைக் கணிகருவிகள் 1 இன் நேர்மாறாகிய 45 பாகையை முதலில் எடுத்து, அதனை 3 ஆல் வகுத்துவிடும். மூன்றிலொரு பங்கு சரிவு என்றால் மூன்றிலொரு பங்கு கோணம் என்று எண்ணுவோரும் இதே 15ஐத்தான் எழுதுவர். கோணம் அப்படி விகிதசமமாகக் கூடிக் குறைவதில்லை. இரண்டாமவரின் கருவி பாகை நிலையில் இல்லை. செங்கோணத்தை 100 ஆகப் பிரிக்கும் ‘கிரேட்’ நிலையில் இருந்தது. ஆரையன் நிலையில் இருந்திருந்தால் 0.32 என்று வந்திருக்கும். அதைக் கண்டால் எவருக்கும் சந்தேகம் வரும், 20.48 எவரையும் ஏமாற்றும். ஆகவே திரையின் மேலே பாகையைக் குறிக்கும் ‘டி’ எழுத்து இருக்கின்றதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாமவரின் 18.43 சரியானது. ஆனால் அவர் விடைத்தாளில் 18 பாகை 43 கலை என்று எழுதினார்! ஒரு பாகைக்கு 60 கலை என்பதை மறந்துவிட்டார். 0.43ஐ 60 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 26. விடை 18 பாகை 26 கலை. மூன்று தவறுகளுள் நான் திருத்தும் கொப்பிகளில் அதிகம் காண்பது இதனையே.

சாவியின் மேலுள்ள சிறிய ‘கழித்தல் ஒன்று’ அடுக்கைப் பார்த்து, நேர்மாறை நிகர்மாறு என்று கருதுவோரும் உண்டு. 1ஐத் தான்சனால் வகுப்பது வேறு, தான்சனிலிருந்து கோணத்துக்குத் திரும்புவது வேறு. கணிகருவி தானாகவே நம்மைத் தடுக்கும் இடம் மிகச் சிலவே. 5 மீற்றர் ஏணி 6 மீற்றர் உயரத்தைத் தொடுவதாக எண்ணி, 1.2 இன் சைன் நேர்மாறைக் கேட்டால் ‘பிழை’ என்று காட்டும். செம்பக்கத்தைவிட எதிர்ப்பக்கம் நீளமாக இருக்க முடியாதல்லவா? மற்றைய பிழைகளை அது மௌனமாக ஏற்றுக்கொள்ளும்.

இங்கேதான் அட்டவணையின் அருமை தெரிகின்றது. தான்சன் அட்டவணையில் 18 பாகை 20 கலைக்கு நேரே 0.3314 உள்ளது. 0.3333 வர இன்னும் 0.0019 வேண்டும், இடை வித்தியாச நிரலில் அது 6 கலை. ஆகவே 18 பாகை 26 கலை. அட்டவணையில் விரலை வைத்துத் தேடும்போது 15க்கோ 20க்கோ நாம் வழிதவறிப் போவதில்லை, ஏனெனில் பக்கத்திலுள்ள பெறுமானங்கள் கண்முன்னே இருக்கின்றன. வெள்ளவத்தையில் லண்டன் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளை கணிகருவியுடன் மண்டபத்துக்குள் போகிறதே என்று பொறாமைப்படாதீர்கள். இந்தப் பழக்கம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றது.

எனினும் தொழில்நுட்பக் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போனால் உங்கள் கையிலும் கணிகருவிதான் இருக்கும். அங்கு அடைப்புக்குறியையும் பாகை நிலையையும் யாரும் முதலிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள். எனவே இப்போதே முதலில் பரும்படிப் படம் வரைந்து கோணத்தை மதிப்பிடுங்கள். பின்னர் அட்டவணையில் காணுங்கள். கடைசியாகவே கணிகருவியில் சரிபாருங்கள்.

பயிற்சிக்கு ஒன்று: கிடையாக 2 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் சரிவின் கோணம் 26 பாகை 34 கலை. இதனை அட்டவணையில் கண்டுபிடியுங்கள். பின்னர் ஒருவர் 22.5 என்றும், இன்னொருவர் 29.52 என்றும் விடை எழுதியது எவ்வாறு என்று காரணம் கூறுங்கள்.