ஊரார் கற்பிக்க வேண்டிய பாடம்

விழா மலர் என்றால் கட்டடங்களின் வரலாறும், அதிபர்களின் பெருமையும், பரீட்சைப் பெறுபேறுகளும் அதில் இடம்பெறுதல் மரபு. அம்மரபு நல்லதே. கல்லூரி நமக்குத் தந்தவற்றை நன்றியோடு எண்ணிப் பார்க்கும் இவ்வேளையில், அது தன் மதில்களுக்குள் இருந்துகொண்டு ஒருபோதும் தரவியலாத ஒன்றைப் பற்றியும் சில சொல்லுதல் குற்றமாகாது என்று கருதி இதனை எழுதப் புகுந்தேன். நிலத்தையும் நீரையும் காற்றையும் மரத்தையும் அறிந்து அவற்றோடு பழகும் அறிவே அது. அதனை எம் போன்ற ஆசிரியர் கற்பித்தல் அரிது. ஊரவரே கற்பித்தல் வேண்டும். அதற்கான ஒழுங்கைப் பழைய மாணவர் சங்கம் செய்தல் வேண்டும் என்பதே யான் கூற விழைவது.

தமிழாசிரியனாதலின் என் பாடத்திலிருந்தே தொடங்குகின்றேன். நெய்தற்குரிய நிலம் யாது, சிறுபொழுது யாது என்று கேட்டால், 'கடலும் கடல்சார்ந்த இடமும், எற்பாடு' என்று நம் மாணாக்கர் ஒருமூச்சில் விடையிறுப்பர், முழுப்புள்ளியும் பெறுவர். அவர்களையே மாரிகாலத்தில் ஒரு குளக்கரைக்கு அழைத்துச் சென்று, இங்கே தாமரை எது, ஆம்பல் எது, நெய்தல் என அறிஞர் பலர் கொள்ளும் நீலமலர் எது என்று வினவினால் பெரும்பாலோர் வாய் திறவார். நீல ஆம்பல் 1986 ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டின் தேசிய மலர் என்பதையும் பொது அறிவுப் போட்டிக்கென மனனஞ் செய்திருப்பர். பூவை மட்டும் கண்டிரார். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொல்லியிருத்தலை மேடைதோறும் பெருமையோடு எடுத்துக் காட்டுகின்றோம். அவற்றுட் பத்தையேனும் கண்டு பெயர் சொல்லவல்ல ஒருவன் வகுப்பில் இருப்பானாயின் அவ்வகுப்பு வாழ்க!

அம்மலர்களுள் ஒன்றாகிய காந்தள் எங்கோ மலைநாட்டில் மட்டும் உள்ளதன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் வேலிகளிற் படர்ந்து தீக்கொழுந்து போலப் பூக்கும் கார்த்திகைப்பூவே அது. அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும் அதே வேலியோரத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம். வன்னியிலிருந்து வரும் பாலைப்பழத்தைச் சுவைத்துண்ணும் பிள்ளை, பாலைத்திணைக்குப் பெயர் தந்தது அம்மரமன்று, வெட்பாலை என்பாரும் உளர் என்று அறிந்து, இரு மரங்களையும் நேரிற் கண்டு இலையையும் காயையும் ஒப்புநோக்குமானால், அஃதன்றோ இலக்கிய ஆராய்ச்சியின் முதற்படி! இவ்வாறு கற்ற ஒரு பாடம் பத்து வினாத்தாள்களுக்கு ஈடாகும் என்பது என் துணிபு.

இக்குறைக்குத் தனியார் வகுப்புக்களையும் கைத்தொலைபேசியையும் காரணங் கூறுதல் இப்போது வழக்கம். அது மெய்யே. ஆயினும் அவை வருவதற்கு முன்னரே நூலிழை அறுந்துவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டது முதல், 2009 இல் யுத்தம் முடிந்து அதன் பின்னரும், வடபுலத்துப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தது 'வெளியே போகாதே' என்பதே. தோட்டத்திற் கண்ணிவெடி, கரையிற் காவலரண், பனந்தோப்பிற் பாதுகாப்பு வலயம். அச்சொல் பல உயிர்களைக் காத்தது. அந்நாளிற் பிள்ளைகளாயிருந்தோரே இன்று பெற்றோர். அச்சத்துக்குக் காரணமானவை பெரும்பாலும் நீங்கிய பின்னும் அச்சம் வழக்கமாய் நிலைத்துவிட்டது. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு விளக்கெரித்துப் படித்தோம். கைத்திறன் அப்போது வயிற்றின் தேவையால் வந்தது. அத்தகைய பள்ளிக்கூடம் இனி எவர்க்கும் வேண்டா.

சாரணியம் இருக்கின்றதே என்று சிலர் வினவலாம். 1907 இற் பேடன் பவல் பிரவுண்சீத் தீவிற் சிறுவர் சிலரோடு பாசறையிட்ட முயற்சி, ஐந்து ஆண்டுகளுக்குள், 1912 இல், மாத்தளைக்கு வந்து இலங்கையில் வேரூன்றிவிட்டது. முடிச்சிடவும், தீமூட்டவும், திசையறியவும், பிறர்க்கு உதவவும் அது கற்பித்துள்ள பிள்ளைகள் எண்ணிலர். அதன்பால் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அதிற் சேருவோர் பள்ளியில் ஒரு பகுதியினரே. மேலும் உலகெங்குமுள்ள சிறுவர்க்காக அமைந்த அதன் நூல், சோழகம் எப்போது திரும்பும், எந்தக் கிணறு ஆவணியில் உவர்க்கும் என்பனவற்றைச் சொல்லாது. சொல்லும்படி கேட்பதும் முறையன்று. அவ்வறிவு ஊரில் உள்ளது.

யாரிடம் உள்ளது என்பதே இங்குக் கேட்க வேண்டிய வினா. பனையை எடுத்துக்கொள்வோம். கற்பகதரு என்று பேச்சுப்போட்டியில் முழங்காத மாணவன் இல்லை. ஆண்பனை எது, பெண்பனை எது என்று எட்ட நின்று சொல்லவும், எந்தப் பாளையை எந்நாளிற் கட்டுவது, எவ்வளவு தட்டுவது, கத்தியை எந்தச் சாய்விற் பிடிப்பது என்று அறியவும் வல்லவர், தளைநாரிட்டு நாடோறும் மரமேறுபவரே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீர், தடவாவிட்டாற் கள். சுண்ணாம்பு ஏன் நொதித்தலைத் தடுக்கின்றது என்பதை இரசாயன ஆசிரியர் மரத்தடியில் நின்று விளக்கட்டும். (கள் என்ற சொல்லை இம்மலரிற் கண்டு முகஞ்சுளிப்போர், பனங்கட்டியின் இனிமையை எண்ணிப் பொறுத்தருள்க.) அவ்வாறே கடலேரியிற் களங்கண்டி கட்டுபவர் நீரின் நிறத்திலும் ஓட்டத்திலும் கண்டறிவதை நம் புவியியல் நூலிற் காண்டல் அரிது. செம்பாட்டு மண்ணிற் பயிர்செய்யும் முதிய கமக்காரர், துலா மிதித்து இறைத்த நாளில் ஒருநாளில் எடுக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது என்றும், இயந்திரம் வந்தபின் எல்லை போயிற்று என்றும் தம் கிணற்றைக் காட்டியே சொல்லுவர். சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளில், கனத்த உவர்நீரின்மேல் நன்னீர் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில் இதைவிட முதன்மையான பாடம் யாது?

இவர்களை ஆசிரியர் என்று அழைக்க நமக்கு நா எழுவதில்லை. ஏன் என்பதை இம்மலரைப் படிப்போர் அறிவர். 1930 ஆம் ஆண்டையொட்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வழங்குக என்ற கட்டளை வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு வரலாற்றில் உள்ளது. பிள்ளைகளை ஒரே வாங்கில் இருத்திவிட்டோம். அவர்தம் தந்தையர் கையிலுள்ள அறிவை மட்டும் இன்னும் திண்ணைக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றோம். மரமேறுபவரின் மகன் நம் வகுப்பில் இருந்து ஐந்திணை ஒப்புவிக்கின்றான். அவன் தந்தையார் கற்பிக்க, ஏனை மாணாக்கர் கைகட்டி நின்று கேட்கும் ஒரு காலைப்பொழுது அவனுக்கு என்ன செய்யும் என்பதைச் சிந்தித்துப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். இவ்வொன்றன் பொருட்டே இத்திட்டம் வேண்டற்பாலது என்பேன்.

ஊரே கற்பிக்கும் முறைக்கு மாதிரி தேடித் தொலைவு போதல் வேண்டா. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் நடக்கும் பட்டப் போட்டியைக் கண்டோர் அறிவர். மூங்கிலை எவ்வளவு சீவுவது, முச்சை எங்கே கட்டுவது, விண் எவ்வாறு பூட்டுவது, வாடைக்காற்றில் எப்போது நூலை விடுவது என்பவற்றை எந்தத் திணைக்களமும் கற்பிக்கவில்லை. அண்ணன்மார் செய்யத் தம்பிமார் நூல் பிடித்துக் கற்கின்றனர். அக்கரையிலேயே நீச்சலும் அவ்வாறு வளர்ந்தது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954 இற் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அங்கு சென்று மீண்டும் நீந்தினார். இவர்கள் பிறந்த மாவட்டத்திலே, சுற்றுலா சென்ற இடத்தில் இடுப்பளவு நீரிற் கால் தவறி இளைஞர் மாண்டனர் என்ற செய்தியை நாம் பத்திரிகையிற் படிக்க வேண்டியிருக்கின்றது.

ஊரறிவு உயிர் காத்த ஒரு நிகழ்ச்சியையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். சுமாத்திராவை அடுத்த சிமெலூ என்னும் தீவில் 1907 இற் பேரலை வந்து பலர் மாண்டனர். நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடுக என்பதை அன்று தொடக்கம் மூத்தோர் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004 மார்கழி 26 ஆந் திகதி ஆழிப்பேரலை முதலிற் சென்றடைந்த இடங்களுள் அத்தீவும் ஒன்று. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அங்கே இறந்தோர் ஏழு பேரே எனப் பதிவாகியுள்ளது. நம் நாட்டுக் கரைகள் சிலவற்றில், உள்வாங்கிய கடலைக் காணச் சென்றோரும் மாண்டனர்.

இத்தகைய முயற்சி இலங்கைக்குப் புதிதன்று என்பதையும், ஒருமுறை தளர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த 1930களிற் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஊரின் தொழிலையும் சுற்றாடலையும் பாடமாக்க அது முயன்றது. அது நிலைபெறாமைக்குக் காரணங்கள் பல. உத்தியோகத்துக்கு ஆங்கிலக் கல்வியே வழியாயிருந்த காலத்தில், ஊர்ப்பிள்ளைகளுக்கு மண்வெட்டியும் பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகமுமா என்ற ஐயம் எழுந்தது அவற்றுள் ஒன்று. அவ்வையம் நியாயமானதே. ஆதலின் நாம் செய்வது ஏட்டுக்கல்விக்குப் பதிலாக அமைதல் கூடாது. அதனோடு சேர்ந்தே அமைதல் வேண்டும். படிப்பிற் பிந்தியோர்க்கென்று ஒதுக்குதலும் கூடாது. முதற் பிரிவில் வருவோனும் வரட்டும். வைத்தியராகப் போகிறவன் மற்றெல்லாரினும் முன்னே வரட்டும்.

என் வேண்டுகோள் பெரிதன்று. மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை, எட்டாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்பு வரையுள்ளோரில் இருபது பேர், இரண்டு ஆசிரியர், பெற்றோர் இருவர், கற்பிப்பவர் ஊரவர். அயலிலுள்ள மகளிர் பாடசாலைப் பிள்ளைகளும் உடன் வருதல் நன்று. பரீட்சை வேண்டா, சான்றிதழ் வேண்டா. ஒரு குறிப்புப் புத்தகமும் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் போதும். கற்பிக்கும் முதியவர்க்கு, வேலை இழந்த நாளுக்கு ஈடாகச் சங்கம் உரிய சன்மானம் கொடுத்தல் கடன். இலவச சேவை என்று புகழ்ந்து வெறுங்கையோடு அனுப்புதல் ஆகாது. ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவிற் பிரதம விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடையை அவர்களுக்கும் போர்த்தி, அதே வரிசையில் இருத்துதல் வேண்டும்.

ஆபத்து உண்டே என்பார்க்கு விடை: உண்டு. ஆதலாலேயே கற்பித்தல் வேண்டும் என்கின்றேன். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட நிலத்துக்கன்றி வேறெங்கும் செல்லலாகாது. ஐயத்துக்கிடமான பொருளைத் தொடாது அறிவிக்கும் முறையை முதல் நாளிலேயே சொல்லிவிடுதல் வேண்டும். நீரில் இறங்குவோர் மிதவையங்கி அணிதல் வேண்டும். நீந்தவல்லார் ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும். பனையில் ஏறுதல் நம் பிள்ளைகளுக்கு வேண்டா. அடியில் நின்று கற்கப் போதியது உண்டு. புடையனையும் சாரையையும் வேறுபிரித்தறியும் பிள்ளை கண்ட பாம்பையெல்லாம் அடிக்கப் போகாது. கடித்தாற் கடிவாயைக் கீறாமலும் கயிற்றால் இறுக்காமலும் அசையாது கிடத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் அறிந்திருக்கும்.

இவ்விழாவின் நினைவாக மண்டபம் ஒன்று எழுப்பும் ஆலோசனை உளது என அறிகின்றேன். எழுக. அதன் செலவிற் சிறு பங்கொன்று இதற்கு ஒதுக்கப்பட்டாற் சில ஆண்டுகளுக்குப் போதும்.

முதல் நடைக்கு வழுக்கையாறு ஏற்றது. தெல்லிப்பழைப் பக்கத்திற் பிறந்து அராலியிற் கடலேரியைச் சேரும் அது மாரியில் மட்டுமே ஓடும். எஞ்சிய மாதங்களில் அதனை ஆறு என்று நம்புதல் கடினம். கார்த்திகைக் கடைசியில் நீர் கண்ட பின், காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாயிலிற் புறப்பட்டால், ஒரு பகுதியைப் பார்த்து மதியத்துக்குள் திரும்பிவிடலாம். வழிகாட்ட அராலியில் முதியவர் இருவர் இசைந்திருக்கின்றனர். திகதியைச் சங்கம் சொல்லுமாயின் அவர்களுக்கு அறிவிப்பேன்.